அடித்த கையையே பிடித்துக்கொள்ளும் குழந்தை

பெற்றவரிடம் கொடுமைப்பட்டு வளர்ந்த ஒருவர் தன் கதையை வாய்விட்டுச் சொன்னால், கேட்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லல?" கெட்ட எண்ணத்தில் கேட்கும் கேள்வி இல்லை. ஆனால் அதற்குள் ஒரு தப்புக்கணக்கு ஒளிந்திருக்கிறது. அடிபட்ட குழந்தை, அடித்தவரை எதிரியாகப் பார்த்திருக்கும், தப்பிக்க வழி தேடியிருக்கும் என்ற கணக்கு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழந்தை அடித்தவர் பக்கமே சேர்ந்துகொள்கிறது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அது ஏன் என்று புரிந்தால், வளர்ந்த பிறகு அந்த மனிதரிடம் தெரியும் பல புதிர்கள் தானாக அவிழும்.

எப்போதோ பொறுமை இழந்து கை நீட்டிவிட்டு வருந்திய பெற்றோரைப் பற்றி இங்கே பேசவில்லை. எலும்பு முறியும் அளவுக்கு அடி, சூடு வைப்பது, பட்டினி போடுவது, இருட்டறையில் பூட்டுவது, பாலியல் வன்கொடுமை, "நீ பிறந்தே இருக்கக் கூடாது" என்று நாள் தவறாமல் சொல்லியே ஒரு குழந்தையைக் குறுக வைப்பது என்று வருடக்கணக்கில் தொடரும் கொடுமைதான் பேச்சு.

நம்ப மறுத்தது ஊரும் உறவும் மட்டுமல்ல, மருத்துவ உலகமும்தான். 1860-ல் பாரிஸ் நகரத்துத் தடயவியல் மருத்துவர் ஆம்ப்ருவாஸ் தார்தியூ, கொடுமைக்கு ஆளான 32 குழந்தைகளைப் பற்றி விவரமாக எழுதினார். அவருடைய சக மருத்துவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1946-ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி, மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்த ஆறு கைக்குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதைக் கண்டார். சில முறிவுகள் புதியவை, சில ஏற்கனவே கூடத் தொடங்கியவை. அதாவது ஒரே நாளில் நடந்த விபத்து இல்லை. அப்படியிருந்தும் பெற்றோர்தான் செய்தார்கள் என்று அவர் அந்தக் கட்டுரையில் நேராகச் சொல்லவில்லை. 1962-ல்தான் டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும், 'அடிபட்ட குழந்தை நோய்க்கூட்டம்' என்று பெயர் வைத்து அதை உடைத்துப் பேசினார்கள். பெற்றோரே இப்படிச் செய்வார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வருவதில்லை என்பதையும் அதிலேயே எழுதினார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்க மாநிலங்கள் எங்கும் வந்தது. படித்த மருத்துவர்களுக்கே நூறு வருடம் பிடித்திருக்கிறது. ஆறு வயசுக் குழந்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறோம்.

சரி, குழந்தைக்குள் என்னதான் நடக்கிறது?

பயம் வந்தால் பெரியவரிடம் ஓடு. மனிதக் குழந்தை பிறக்கும்போதே கொண்டுவரும் ஏற்பாடு இது. பசியைப் போல இதுவும் ஒரு அடிப்படைத் தேவை என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி வாதிட்டார். தன்னால் ஓடவோ சண்டை போடவோ முடியாத ஒரு உயிருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. இப்போது பயமுறுத்துவதே அந்தப் பெரியவர்தான் என்றால்? உடம்புக்குள் இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இவரிடமிருந்து ஓடு. இவரிடமே ஓடு.

1980-களில் உளவியல் ஆய்வாளர்கள் மேரி மெயினும் ஜூடித் சாலமனும், தாயை விட்டுச் சற்று நேரம் பிரித்து மறுபடி சேர்க்கும்போது ஒரு வயதுக் குழந்தைகள் என்ன செய்கின்றன என்று எடுக்கப்பட்ட வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பெரும்பாலான குழந்தைகளின் நடத்தைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சில அழுதுகொண்டே ஓடிவந்தன, சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. எந்த வகையிலும் சேராத குழந்தைகளும் இருந்தன. தாயை நோக்கித் தவழ்ந்து வரும், ஆனால் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். பாதி வழியில் கையைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்கும். சுவரை நோக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கொடுமை நடக்கும் வீடுகளின் குழந்தைகளிடம் இது மிக அதிகம். தீர்வே இல்லாத பயம் என்று மெயினும் எரிக் ஹெஸ்ஸும் பிற்பாடு இதைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிடத் துல்லியமான வர்ணனை இல்லை.

எலிக்குஞ்சுகளிடமும் இதன் வேரைப் பார்க்கலாம். நரம்பியல் ஆய்வாளர் ரெஜினா சல்லிவன், ஒரு வாசனையைக் காட்டிக் கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் அந்த வாசனையை விட்டு விலகின. பிறந்து பத்து நாளுக்குள் இருக்கும் குஞ்சுகளோ அந்த வாசனையைத் தேடிப் போயின. அந்த வயதில் வலி கூட ஒட்டுதலாகத்தான் பதிகிறது. காரணம் எளிது. தாயை விட்டு விலகக் கற்றுக்கொள்ளும் குஞ்சு செத்துப்போகும். வலித்தாலும் ஒட்டிக்கொள்ளும் குஞ்சு பிழைக்கும். மனிதக் குழந்தை எலி இல்லைதான். ஆனாலும், "அவ்வளவு அடிச்சும் அவங்க பின்னாடியே ஏன் போச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி, குழந்தை யோசிக்கத் தொடங்கிய பிறகு வருகிறது. ஸ்காட்லாந்து மனப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன், கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்தவர். தங்கள் பெற்றோர் கெட்டவர்கள் என்று அந்தக் குழந்தைகளை ஒப்புக்கொள்ள வைப்பது மிகக் கடினம் என்று 1943-ல் எழுதினார். தாங்கள் கெட்டவர்கள் என்று மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்களாம். சாத்தான் ஆளும் உலகத்தில் வாழ்வதைவிட, கடவுள் ஆளும் உலகத்தில் பாவியாக இருப்பது மேல் என்பதுதான் இதன் தர்க்கம் என்பது அவருடைய விளக்கம்.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அம்மா காரணமே இல்லாமல் அடிக்கிறாள், அவள் அப்படித்தான் என்று குழந்தை முடிவுகட்டினால், அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. சோறு போடுவதும் அவள்தான், நாளைக்கு விடிந்தால் அதே வீட்டில்தான் எழ வேண்டும். மாறாக, நான் கெட்ட பிள்ளை, அதனால்தான் அடிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கதவு திறக்கிறது. இன்னும் நன்றாகப் படித்தால், சத்தம் போடாமல் இருந்தால், பாத்திரத்தை இன்னும் பளிச்சென்று தேய்த்தால் நாளைக்கு அடி விழாது. பழியை ஏற்றுக்கொள்வதுதான் அந்தக் குழந்தையிடம் இருக்கும் ஒரே அதிகாரம், ஒரே நம்பிக்கை. அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. அந்தச் சூழ்நிலையில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த கணக்கு. பத்து வருடம் போட்ட அந்தக் கணக்கு, வீட்டை விட்டு வெளியே வந்த மறுநாள் நின்றுவிடாது என்பதுதான் பிரச்சினை.

ஆகவேதான் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தை, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்கும் டாக்டரைப் பார்க்காமல் முதலில் பக்கத்தில் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. "மாடிப்படியில விழுந்துட்டேன்." பொய் சொல்லச் சொல்லி மிரட்டியிருக்கலாம். மிரட்டாவிட்டாலும் பல குழந்தைகள் அதையேதான் சொல்லும்.

கவனிப்பும் அப்படித்தான் கூர்மையாகிறது. கதவில் சாவி நுழையும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியும். செருப்பைக் கழற்றி வைத்தாரா, உதறி எறிந்தாரா? பெயரை முழுசாகக் கூப்பிட்டாரா, பாதியாகவா? மூச்சு எவ்வளவு வேகம்? அமெரிக்க உளவியல் ஆய்வாளர் செத் போலாக், ஒரு முகம் மெல்ல மெல்லத் தெளிவாகும் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம், மங்கலாக இருக்கும்போதே, கோப முகத்தை அடையாளம் கண்டன. மற்ற உணர்ச்சிகளில் அப்படி ஒரு முந்துதல் இல்லை. 2011-ல் லண்டனில் ஈமன் மெக்ரோரி குழுவினர் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், வன்முறை வீட்டுக் குழந்தைகள் கோப முகத்தைப் பார்த்தபோது மூளையில் ஆபத்தை உணரும் பகுதிகளான அமிக்டலாவும் முன் இன்சுலாவும் கூடுதலாக விழித்தன. போர்முனையிலிருந்து வந்த வீரர்களிடமும் இப்படி விழிப்பவை இதே பகுதிகள்தான். இதை மூளைக் கோளாறு என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த மார்ட்டின் டைக்கர் உட்படப் பலர் இதை ஆபத்தான இடத்துக்கு ஏற்ப மூளை செய்துகொண்ட தகவமைப்பு என்றே பார்க்கிறார்கள். அதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

ஆனால் அந்த மூளையோடுதான் அந்தக் குழந்தை முப்பது வயதுக்கு வருகிறது. மேலாளர் "ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று சாதாரணமாகக் கூப்பிட்டால் கை சில்லிட்டுப்போகிறது. துணைவர் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், "என்மேல கோபமா?" என்று நாலு தடவை கேட்கத் தோன்றுகிறது. செய்யாத தப்புக்கும் முதல் வார்த்தையாக வருவது "சாரி". சண்டையில் தன் பக்கம் நியாயம் இருந்தாலும் குரல் உயர்ந்த உடனே மனம் மரத்துப்போய், தான் எங்கோ தூரத்திலிருந்து பார்ப்பது போல ஆகிறது. எல்லாம் நன்றாகப் போகும் நாளில்தான் பதற்றம் அதிகம், ஏனென்றால் அந்த வீட்டில் அமைதி என்பது அடுத்த அடிக்கு முந்தைய நேரம். பார்ப்பவர்கள் இதற்கெல்லாம் வேறு பெயர் வைத்திருப்பார்கள். தொட்டாற்சிணுங்கி, ஜால்ரா, ஒட்டாதவர், சந்தேகப் பேர்வழி.

மருத்துவத்தில் இதற்கு இப்போது தனி இடம் உண்டு. ஒரு விபத்தோ ஒரு தாக்குதலோ விட்டுச்செல்லும் மன அதிர்ச்சிக்கும், தப்பிக்க முடியாத இடத்தில் நெடுநாள் அனுபவித்த கொடுமைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று 1992-ல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் வாதிட்டார். முப்பது வருடம் இழுத்தடித்து, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் 'சிக்கலான பிடிஎஸ்டி' இடம்பெற்றது (பிடிஎஸ்டி என்பது மன அதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மனப் பாதிப்பு). பழைய காட்சிகள் இப்போதே நடப்பது போல மீண்டு வருவது, அவற்றைத் தவிர்க்க ஓடுவது, எப்போதும் ஆபத்து காத்திருப்பது போன்ற உணர்வு ஆகியவை எல்லா பிடிஎஸ்டிக்கும் பொது. இதில் கூடுதலாக இருப்பவை, உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தான் மதிப்பற்றவர் என்ற ஆழமான நம்பிக்கை, நெருக்கமான உறவுகளில் தடுமாற்றம். அந்த நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். ஃபேர்பேர்ன் பார்த்த குழந்தை போட்ட அதே கணக்குதான்.

உடம்பும் விடுவதில்லை. மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவின் சான் டியேகோவில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவம் பற்றிக் கேட்டு 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய திருப்பம். கொடுமை, வீட்டு வன்முறை, பெற்றோரின் குடி என்று நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புகள் இருந்தவர்களிடம், எதுவுமே இல்லாதவர்களைவிடத் தற்கொலை முயற்சி சுமார் 12 மடங்கு அதிகமாக இருந்தது. இதய நோய், நுரையீரல் நோய் வரை தொடர்பு நீண்டது. ஆனால் இணையத்தில் அந்தக் கேள்வித்தாளை நிரப்பி, "எனக்கு ஏழு மதிப்பெண், என் கதை முடிந்தது" என்று பயப்படுபவர்கள் உண்டு. கூட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. தனி மனிதரின் ஜாதகம் இல்லை; அதை அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆண்டாவே பின்னாளில் எச்சரித்தார்.

நினைவு பற்றியும் ஒரு வார்த்தை. கொடுமையை அனுபவித்தவருக்கு அது சினிமா போல வரிசையாக ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. தரையின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கும், வருடம் இருக்காது. அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தங்கைக்கு வேறு விதமாகவும் ஞாபகம் இருக்கும். ஒரே பிள்ளையை மட்டும் குறிவைக்கும் வீடுகளும் உண்டு என்பதால், "நம்ம அப்பா அப்படியெல்லாம் இல்லையே" என்று கூடப்பிறந்தவர் மனசாரவே சொல்லக்கூடும். அதே சமயம், இல்லாத நினைவை ஹிப்னாசிஸ் மூலமோ திரும்பத் திரும்பத் தூண்டிக் கேட்டோ உருவாக்கிவிட முடியும் என்பதும் உண்மைதான். "உங்களுக்குக் கட்டாயம் ஏதோ நடந்திருக்கும், தோண்டி எடுக்கலாம்" என்று சொல்லும் சிகிச்சையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

தப்பிப் பிழைத்தவர்களை இரவில் தூங்கவிடாத இன்னொரு பயம், தன் பிள்ளைக்குத் தானும் இதையே செய்துவிடுவோமோ என்பது. அடிபட்டவர் அடிப்பார் என்று விதி போல எங்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1987-ல் ஜோன் காஃப்மனும் எட்வர்ட் ஸிக்லரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, சுமார் 30 சதவீதத்தினரிடமே அது தொடர்கிறது என்றார்கள். குறைவான எண் இல்லை, மற்ற பெற்றோரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் பத்தில் ஏழு பேர் தொடர்வதில்லை என்ற பக்கத்தை யாரும் சொல்வதே இல்லை. அந்த ஏழு பேர் எப்படி? மினசோட்டாவில் பைரன் ஈகலேண்ட் குழுவினர், கொடுமைப்பட்டு வளர்ந்தும் தங்கள் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தாத தாய்மார்களைக் கவனித்து 1988-ல் எழுதினார்கள். அவர்களில் பலருக்குச் சிறுவயதில் பாசமாக இருந்த வேறொரு பெரியவர் இருந்திருக்கிறார், அல்லது வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் நீண்ட சிகிச்சை கிடைத்திருக்கிறது, அல்லது இப்போது நிலையான, ஆதரவான துணை இருக்கிறார். தனக்கு நடந்ததை மறைக்காமல், கோர்வையாகப் பேசவும் அவர்களால் முடிந்தது. நடந்ததை "சும்மா கொஞ்சம் கண்டிப்பு" என்று மழுப்பியவர்களிடமே அது பெரும்பாலும் தொடர்ந்தது.

அந்த வேறொரு பெரியவர் பெரிதாக எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்துவது. குழந்தையை அந்த வீட்டிலிருந்து மீட்டிருக்கக்கூட மாட்டார். ஒரு ஆசிரியையோ பாட்டியோ, வாரத்துக்கு ஒரு மணி நேரம் குழந்தையைக் கண்டு முகம் மலர்ந்தவராக இருந்திருப்பார். தான் கெட்ட பிள்ளை என்ற கணக்கில் இடிக்கிற ஒரே ஒரு ஆதாரமாக அது உள்ளே தங்கிவிடுகிறது.

சிகிச்சை என்றால் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்ப்பது என்று நினைக்கிறார்கள். நல்ல சிகிச்சையாளர் அதைத் தடுப்பார். ஹெர்மன் சொன்ன வரிசையில் முதலில் பாதுகாப்பு: இப்போது இருக்கும் வீட்டில் வன்முறை உண்டா, தூக்கம் எப்படி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, பதற்றம் ஏறினால் எப்படி இறக்குவது? அதற்கப்புறம்தான் பழைய நினைவுகள், அவற்றுக்கான துக்கம். மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் ஆகிய இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-ல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தது. முறை எதுவானாலும் நடுவில் நடக்கும் வேலை பழியை இடம் மாற்றுவது. "நான் அடம் பிடிச்சேன், அதான் அடிச்சாங்க" என்கிறார் நாற்பது வயதுக்காரர். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?" "அஞ்சு." "உங்களுக்குத் தெரிஞ்ச அஞ்சு வயசுக் குழந்தை யாராவது இருக்கா? அது அடம் பிடிச்சா கையை உடைக்கலாமா?" அந்த இடத்தில் நீண்ட அமைதி வரும். அறிவுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான், உடம்புக்குத் தெரிய மாதங்கள் ஆகும். பழியை இறக்கி வைத்தால் கூடவே அந்த நம்பிக்கையும் போகிறது. நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருந்தாலும் அடி விழுந்திருக்கும் என்பதை ஏற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் குணமாகும் கட்டத்தில் சிலர் முன்னைவிட அதிகம் அழுகிறார்கள்.

மன்னிப்பு பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. "பெத்தவங்கதானே, மன்னிச்சிடு, மனசு லேசாகும்." சிலருக்கு ஆகலாம். மன்னிக்காமலே நன்றாக வாழ்பவர்களும் உண்டு. செய்ததை ஒப்புக்கொள்ளாத ஒருவரை மன்னிக்கச் சொல்வது, பாதிக்கப்பட்டவரை மறுபடி அதே பழைய வேலைக்கு அனுப்புவதுதான்: பெற்றவரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. "அந்தக் கஷ்டம்தான் உன்னைச் செதுக்கிச்சு" என்ற பாராட்டும் அதே ரகம். கேட்டாலே எரிச்சல் வருகிறது.

அதைவிடச் சிக்கலானது, அடிக்காமல் பக்கத்திலேயே நின்ற இன்னொரு பெற்றவர். அவரும் அடிபட்டிருக்கலாம், போக்கிடம் இல்லாமல் இருந்திருக்கலாம். அடித்தவரைவிட இவர் மேல்தான் கோபம் அதிகம் என்று பலர் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அதில் விநோதம் ஒன்றும் இல்லை. அடித்தவரிடம் எதிர்பார்ப்பு எப்போதோ போய்விட்டது, இவரிடம் இருந்தது.

அப்புறம், அடித்த கை தளர்ந்துபோகும் காலமும் வருகிறது. நடக்க முடியாத, கழிப்பறைக்குக் கூட உதவி தேவைப்படும் ஒரு முதியவராக அவர் வந்து நிற்கிறார். உலகம் அவரை அப்படித்தான் பார்க்கும். பிள்ளையின் உடம்பு மட்டும் அந்த இருமல் சத்தத்துக்கு இன்னமும் விறைக்கும். சிலர் பணம் மட்டும் அனுப்பி, கவனிப்பை வேறு ஆட்களிடம் விடுகிறார்கள். சிலர் தனியாகப் போகாமல், துணையோடு, ஒரு மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். சிலர் போவதே இல்லை. அடித்தவர் இறந்த பிறகு நிம்மதி வந்து, அந்த நிம்மதிக்காகவே கூசிப்போகிறவர்கள் உண்டு. நிம்மதியை எதிர்பார்த்திருந்து, எங்கிருந்தோ பெரும் துக்கம் வந்து சாய்த்துவிட்டது என்பவர்களும் உண்டு. ஐம்பது வயதில் முதல்முறையாக மனநல உதவி தேடி வருபவர்களில் சிலர் அப்படி ஒரு சாவுக்குப் பிறகு வருகிறவர்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்டால், இனி அவர் மாறுவதற்கு வழியில்லை என்று ஆனபிறகுதான், இத்தனை நாளும் அதற்காகக் காத்திருந்ததே தெரிந்தது என்கிறார்கள்.